பிழையோடு அடிக்கவும்

ஜூன் 11, வியாழன்

சாரல் இன்று காலையில் இறங்கிவிட்டது. மலை தெரியவில்லை, கோபுரத்தின் மேல்பாதியும் தெரியவில்லை. இனி துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், குற்றாலத்துக்குப் போகிற கார்களெல்லாம் எங்கள் தெருவில் நின்று வழி கேட்கும். ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தால், ஜன்னல் வழியாக வருகிற ஈரக் காற்றுக்குக் கண் தானாக மூடிக்கொள்கிறது. தென்காசிக்காரிக்கு வேறு என்ன வேண்டும்.

அப்படிக் கண் மூடியபோது ஒரு கனவு. இவர் அடுக்களை வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்கிறார். வாய் இவருடையது, வேட்டி இவருடையது. குரல் மட்டும் செங்கோட்டை பஸ் கண்டக்டருடையது. கனவில் அது எனக்கு விநோதமாகவே படவில்லை. பதில் சொல்லிக்கொண்டே தேங்காய் துருவினேன். விழித்த பிறகுதான் பயமாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்து, இவருடைய நிஜக் குரலை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். இவர் பேசிய வார்த்தைகள் வந்தன. குரல் வரவில்லை.

சாயங்காலம் மகள் கோமதிக்குப் போன் செய்து, அந்த டிஸ்க்கை இனியும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்க முடியாது, யாரிடமாவது கொடுத்து அப்பா குரலை மீட்டே ஆகவேண்டும் என்றேன். "அப்பா கேக்காங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முன்கதை தெரியாதவர்களுக்கு ஒன்றும் விளங்காது. முப்பது வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள் இப்படி எழுதலாமா? விவரமாக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் குற்றாலிங்கம். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்று வட்டாரத்தில் எங்கே கைப்பந்துப் போட்டி நடந்தாலும் மைக் இவர் கையில்தான். மைக் கெட்டுப்போனாலும் போட்டி நிற்காது, அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. பிப்ரவரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறார், மேலே ஒரு மெல்லிய துணி கட்டிக்கொள்கிறார். சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஜனவரி முழுக்க இவர் குரலைப் பதிவு செய்து வைத்தோம். இவர் எழுதுவதை இவர் குரலிலேயே போன் பேசும்படி பிற்பாடு செய்யலாம் என்று கோமதி சொன்னாள். ஓசூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள், சொன்னால் சரியாக இருக்கும். படிப்பதற்கு வாக்கியங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன், ஒரு சந்திப்பிழை இல்லாமல். குரலைத் திருடி, அதே குரலில் போன் போட்டுப் பணம் பறிக்கிற காலம் இது என்பதால் டிஸ்க்குக்கு ஒரு பூட்டும் போட்டாள். பூட்டு என்றால் கடவுச்சொல். "எப்படியும் இருக்கத்தான போறேன், அதையே வச்சிருவோம்" என்று இவர் வைத்த சொல் 'மௌனவிரதம்'. பழைய லேப்டாப்பில் இவரே அதை அடித்தார், அடித்துவிட்டுச் சிரித்தார். அது நான் கேட்ட கடைசிச் சிரிப்புகளில் ஒன்று.

ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று கோமதி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு வைத்தியம், மறுபடி ஆஸ்பத்திரி என்று நாள் ஓடிவிட்டது. மே மாதக் கோடை மழையில் தெருவுக்குள் இடி இறங்கியது. பழைய லேப்டாப் கருகிப்போயிற்று. அதில் செருகியிருந்த டிஸ்க்கும் அதோடு சரி. இவர் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. கைப்பந்துக்காரர்கள் எடுத்த வீடியோக்களில் விசில் சத்தமும் கைதட்டலும்தான் கேட்கின்றன.

ஜூன் 13, சனி

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் சின்னக் கடை. செய்யது மசூது என்பவர் நடத்துகிறார், நாற்பது வயதிருக்கும். கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருவது அவர் தொழில். கல்யாண வீடியோ தொலைத்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

மசூது டிஸ்க்கை ஏதோ கருவியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பூட்டுப் போட்ட டிஸ்க்குக்கு முன்பக்கம் ஒரு சின்ன எடம் உண்டு. பாஸ்வேர்டை வாங்கிப் பாக்கது அதுதான். ஒங்க டிஸ்க்குல அந்த எடமே போயிட்டு" என்றார்.

"அப்போ அவ்வளவுதானா?"

"இருங்க. அதே பூட்டு இன்னொண்ணு கடைசிப் பக்கத்துல எப்பவும் இருக்கும். அது பொழச்சிருந்தா முன்னால கொண்டுவந்து வச்சிரலாம்."

"பொழைக்கலன்னா?"

"உள்ள இருக்கது எல்லாம் கிறுக்கல்தான்க்கா. யார்ட்ட கொண்டுபோனாலும் படிக்க முடியாது. பொய் சொல்ல மாட்டேன்."

முதலில் டிஸ்க்கை அப்படியே வேறொன்றில் நகல் எடுப்பாராம். அடிபட்ட டிஸ்க்கில் நேராகக் கை வைத்தால் இன்னும் கெடுமாம். அதற்கே நாளாகுமாம். அண்ணாச்சியைக் கூட்டி வரவில்லையா என்று கேட்டார். வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று அவரிடம் சொல்வானேன், உடம்பு முடியவில்லை என்றேன்.

திரும்பும்போது ஆலங்குளம் தாண்டியதும் பஸ் மேகத்துக்குள் நுழைந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. தூங்கிவிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

புதிதாக ஒரு மெய்ப்பு வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற கூட்டுறவு அதிகாரி ஒருவரின் தன்வரலாறு, காகிதத்திலும் உண்டு, கம்ப்யூட்டர் கோப்பாகவும் உண்டு. மனிதர் எங்கே போனாலும் அவருக்குக் கௌரவம் செய்கிறார்கள். பொன்னாடை, மாலை, மறுபடி பொன்னாடை. பக்கத்துக்கு இரண்டு பொன்னாடை வீதம் போனால் அவர் வீட்டு பீரோவில் வேறு துணிக்கு இடமிருக்காது.

இவர் முன்னறையிலிருந்து போனில் எழுதி அனுப்புகிறார், நான் அடுக்களையில் படிக்கிறேன். எங்கள் குடும்பப் பேச்சு இப்போது இப்படித்தான். இன்று 'காபி வேனும்' என்று வந்தது. 'வேணும், மூன்று சுழி' என்று பதில் அனுப்பிவிட்டுக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். திருத்தாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவருக்கும் அது தெரியும்.

ஜூன் 20, சனி

மசூது போன் செய்தார். நகல் பாதிதான் ஆகியிருக்கிறதாம். அடிபட்ட இடத்துக்கு வந்தால் டிஸ்க் திக்குகிறதாம். மறுபடி மறுபடி அதே இடத்தைப் படிக்க வைக்கிறாராம்.

திக்குகிறது என்றதும், இவர் காதில் விழாமல் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

ஜூன் 23, செவ்வாய்

கனவு. நாங்கள் இருவரும் ஐந்தருவிப் பக்கம் நடக்கிறோம். வழியெல்லாம் பஞ்சு பஞ்சாக மேகம் தரையில் கிடக்கிறது, நான் முந்தானையால் ஒதுக்கி ஒதுக்கி வழி செய்கிறேன். இவர் பின்னால் பேசிக்கொண்டே வருகிறார். இந்தத் தடவை டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரின் குரல். ஒரு உச்சரிப்புப் பிழை இல்லை. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை, திரும்பினால் வேறு ஆளாக இருந்துவிடுமோ என்று.

விழித்தபோது இவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன என்பது போல் பார்த்தார். மழை வருதா என்று கேட்டேன். வருகிறது என்று தலையசைத்தார்.

ஜூன் 25, வியாழன்

ஆஸ்பத்திரியில் கழுத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 28, ஞாயிறு

இவர் இப்போதெல்லாம் போனில் அதிகம் எழுதுவதில்லை. காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார். சாப்பாட்டுக்கு வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார். எனக்கும் வேலை மிச்சம்தான்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். "என்ன மதினி, வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியமாட்டேங்கே. அண்ணாச்சிக்குத்தான் பேச முடியாது, ஒங்களுக்கு என்ன வந்துட்டு?" என்றாள். சிரித்துவிட்டுக் கொத்தாகப் பறித்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு இவரிடம் எதையாவது பேசலாம் என்று முன்னறைக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குவதாகத்தான் தெரிந்தது.

ஜூலை 1, புதன்

கடைசிப் பக்கத்துப் பூட்டு பிழைத்திருக்கிறது! மசூது காலையில் போன் செய்தார். கேட்டதும் உலையைக்கூட இறக்காமல் கேஸை அணைத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு "ஆன்ட்டி?" என்றது.

மசூது கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சின்னக் கட்டம், கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தது. நானே அடித்தேன். மௌனவிரதம். எழுத்து தெரியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி மட்டும் விழும். கொஞ்ச நேரம் யோசித்தது. தவறான கடவுச்சொல் என்றது.

மறுபடி அடித்தேன். மசூது அடித்தார். நடுவில் இடம் விட்டு அடித்தார். ஆங்கில எழுத்தில் விதவிதமாக அடித்தார். 'மோனவிரதம்'கூடப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"அக்கா, எத்தனை தடவ தப்பாப் போட்டாலும் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா சரியான சொல்லு இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. அண்ணாச்சிட்ட நல்லாக் கேட்டுப் பாருங்க. வேற ஏதும் வச்சிருக்கப் போறாக."

ஜூலை 2, வியாழன்

கேட்டேன். போனில் எழுதிக் காட்டினார்: மௌனவிரதம். அதுதான் இல்லை என்றேன். அதுதான் என்று தலையை ஆட்டினார்.

"ஆஸ்பத்திரி மயக்க மருந்துல மறந்துருப்பிய. நல்லா யோசிச்சுப் பாருங்க. கடைசி நேரத்துல மாத்துனியளா?"

இல்லை என்றார். நான் விடவில்லை. கோமதி வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பை முன்னால் வைத்து, அதில் அடித்துக் காட்டுங்கள் என்றேன். அதில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும், ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். மௌனவிரதம். சரியாகத்தான் வந்தது. ஒரு பிழை இல்லை.

"சரியா அடிச்சு என்ன பிரயோசனம்? நீங்க வச்சது வேற ஏதோ. மறந்துட்டிய. மறந்துட்டேன்னு சொல்லுறதுக்கு என்ன?"

லேப்டாப்பை மூடினார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொன்னார், உதடு மட்டும் அசைந்தது. திரும்பச் சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. எழுந்து போய் வாசலில் நின்று சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டை நனைகிற வரைக்கும்.

எனக்கு அவர் மேல் கோபம். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவு பாடுபட்டு, ஒரு சொல்லை நினைவு வைக்க முடியவில்லையா?

ஜூலை 4, சனி

மழை. பருப்புத் துவையல், மிளகு ரசம். இருவரும் பேசவில்லை. இவர் பேசவில்லை என்று எழுதுவதில் அர்த்தமில்லைதான்.

ஜூலை 6, திங்கள்

கனவில் இவர் உதடு அசைகிறது, எந்தக் குரலும் வரவில்லை. கண்டக்டர் குரலாவது வரக்கூடாதா என்று இருந்தது.

ஜூலை 8, புதன்

இன்று நடந்தது நிறைய. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணி வாக்கில் கூட்டுறவு அதிகாரி போன் செய்தார். "அம்மா, 'கௌரவம்'ங்கிற சொல்லு ரொம்ப வருதுன்னு மருமகன் கேலி செய்யுதாரு. பாதிய 'மரியாதை'ன்னு மாத்திருங்க" என்றார். மருமகன் வாழ்க என்று நினைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன். 'கௌரவம்' என்று அடித்துத் தேடச் சொன்னேன். இல்லை என்றது கம்ப்யூட்டர். திரையில் என் கண் முன்னால் மூன்று கௌரவம் நிற்கிறது, இது இல்லை என்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி தேடினேன். இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அதுதான். அந்தப் பழைய சனியன். எத்தனை ஆயிரம் முறை சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

'கௌ' என்பதில் கடைசியாக நிற்பது ள இல்லை. ள போல இருக்கும், அவ்வளவுதான். முன்னால் உள்ள கொம்பும் அதுவும் சேர்ந்து ஒரே குறி. ஆனால் டைப்ரைட்டரில் பழகியவர்கள் அதற்குக் கொம்பைத் தட்டி, க தட்டி, பக்கத்தில் ள தட்டிவிடுவார்கள். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் இப்போது கையால் எழுதுகிற இந்தப் பக்கத்திலும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதற்கு அது கௌரவம் இல்லை. கெ, ள, ர, வ, ம்.

கூட்டுறவு அதிகாரி டைப்பிங் படித்தவர், மூன்றாம் அத்தியாயத்தில் அதற்கும் ஒரு பொன்னாடை உண்டு. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டைப்பிஸ்ட் நினைவுக்கு வந்தார். என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர்.

முன்னறைக்கு ஓடினேன். இவர் ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். உலுக்கினேன்.

"பழைய லேப்டாப்புல பாஸ்வேர்டு அடிச்சியள்ளா, அது டைப்ரைட்டர் மாதிரிதான அடிப்பிய?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"மௌன-ன்னு அடிக்க, கொம்பு, ம... அதுக்குப் பெறகு என்ன அடிப்பிய?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி சாரலில் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. விரலை நீட்டி அதில் எழுதினார். ள. அந்த ள வழியாக வெளியே தெருவும் ஒரு நனைந்த ஆடும் தெரிந்தன.

மசூதுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, நான் சொல்லுத மாதிரி அடிங்க. மெ. மௌ இல்ல, மெ. குறில். அடிச்சாச்சா? அடுத்து ள. பள்ளத்துக்கு வாற ள."

"அக்கா, அது தப்புல்லா?"

"தப்பேதான். தப்பா அடிங்க. பெறகு ன, விரதம்."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.  இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றார் மசூது. "தொறந்துட்டு."

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். மசூது கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் கோப்பு ஒடஞ்சிருக்கு. ஆனா நெறைய இருக்கு. ஒண்ணு போடட்டா?" என்றார்.

போடச் சொன்னேன். கரகரவென்று கொஞ்சம் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி: "எனக்குக் குடிப்பதற்குச் சிறிது வெந்நீர் வேண்டும்."

"இது யாரு பேசுதது?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். கழுத்துத் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அந்த நிமிஷத்தைப் போல நான் பயந்ததே இல்லை. புருஷன் குரல் காதில் விழுகிறது, எனக்கு யாரென்று தெரியவில்லை.

மசூது அதை நிறுத்தினார். அடுத்ததைப் போட்டார்.

"ஏளா! வென்னி கொண்டா. ஆறிப்போச்சுன்னா நீயே குடிச்சிரு."

என் இவர். ஐயோ, என் இவரேதான். ஒரு சொல் போதும், 'ஏளா' போதும். முதல் வாக்கியத்தை எழுதியவள் நான். எழுதிய மாதிரியே படித்திருக்கிறார், பாவம், சந்தி எல்லாம் சேர்த்து. அதில் இவர் இல்லவே இல்லை.

ஜூலை 10, வெள்ளி

மசூது கடைக்கு இன்று இவரும் வந்தார். சொல்லாமலே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

உடைந்த கோப்புகள் உடைந்தவைதான், அவற்றை யாராலும் ஒட்ட முடியாதாம். என்னுடைய வாக்கியங்களில் பாதிக்கு மேல் இல்லை. 'தயவுசெய்து மின்விசிறியை' என்பதோடு நின்றுவிடுகிறது ஒன்று. விசிறியை என்ன செய்ய வேண்டும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

இவர் தானாகப் பேசி வைத்தவை நிறைய இருக்கின்றன. கேபிள்காரனைத் திட்டுவது, பேத்தியிடம் யானைக்குட்டி என்று கொஞ்சுவது, கடையநல்லூர் அணி கடைசிப் பந்தை வலையில் அடித்ததைப் பற்றி ஒரு நீண்ட புலம்பல். ஜனவரியில் எப்போது இதையெல்லாம் பேசினாரென்று தெரியவில்லை. நான் வீட்டில்தானே இருந்தேன்?

மசூது இரண்டு நகல் கொடுத்தார். "அண்ணாச்சி, அந்த வாலிபால் சூப்பர்" என்றார். இவர் தோள் குலுங்கியது.

பஸ்ஸில் மேகம் வரவும் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. நகல் இருந்த பையை அணைத்தபடி ஊர் வரைக்கும் வந்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

கோமதி வந்தாள். எழுதினால் பேசுகிற ஏற்பாட்டுக்கு நாளாகுமாம். அதுவரைக்கும் இருப்பதைப் போனிலேயே தொட்டால் பேசுகிற மாதிரி கட்டம் கட்டமாகப் போட்டுத் தருகிறேன் என்றாள். எந்தெந்த வாக்கியம் வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். அப்பாவைக் கேள் என்றேன். அம்மா, உடம்பு சரியில்லையா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 15, புதன்

மத்தியானம் அரைத்தூக்கத்தில் இருந்தபோது போன் சத்தமிட்டது. முன்னறையிலிருந்து இவர், 'உலகு' என்று என் பேரைக் கூப்பிட்டு. பல நாளைக்குப் பிறகு நீளமாக. உள்ளபடியே எழுதிக்கொள்கிறேன்:

'உலகு நீ மார்கெட் போற நேரத்துல தான் நானா பேசி பதிவு பன்னேன். நீ எழுதி குடுத்தத படிச்சா எனக்கே சிரிப்பு வந்துச்சி. சொன்னா கோவபடுவ. டிஸ்க் போச்சின்னதும் போனா போகுதுனு இருந்தேன் ஏன்னா கேட்டா அழுதுருவேன்னு பயம். அன்னைக்கி நீ யாரு பேசுததுனு கேட்டல்லா அப்பதான் தெரிஞ்சிது நீ என்னவிட பயந்துருக்கனு. பயப்படாத. அப்பறம் ரேசன் கடைல சீனி போடுதான்.'

எழுதும்போது பேனா நாலைந்து இடத்தில் தானாக நின்றது. நிற்கட்டும். 'சரி, போறேன்' என்று மட்டும் பதில் அனுப்பினேன். குடையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். சீனி தீர்ந்துபோயிருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

காலையிலிருந்து விட்டு விட்டுச் சாரல். மத்தியானம் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்கிற வாசனையும் மழையின் வாசனையும் சேர்ந்து ஒரு மயக்கம், நின்றுகொண்டே தூங்கிவிடலாம் போல. என்னென்னவோ நினைப்பு. கல்யாணமான புதிதில் இதே அடுக்களையில் கூரை ஒழுகியது, பாத்திரம் பாத்திரமாக வைத்துத் தண்ணீர் பிடித்தோம், அந்த நாளில் நிற்கிறேனா இந்த நாளில் நிற்கிறேனா என்றே தெரியவில்லை.

"ஏளா உலகு! ஏ உலகு! எங்களா போன?"

"வாரேன், வாரேன்! தெரு முழுக்கக் கேக்கு, எதுக்கு இந்தக் கத்து கத்துதிய?" என்று எரிச்சலாகச் சொல்லிக்கொண்டே பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன்.

திருப்பிப் போட்ட பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு முன்னறைக்குப் போனேன். நாற்காலியில் இருந்தார், மடியில் போன். தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்தார்.

என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அதே கட்டத்தைத் தொட்டார்.

"ஏளா உலகு!"

பக்கத்திலேயே நின்றுகொண்டு, "என்ன?" என்றேன்.